புறக்கோட்டைப் பட்டன் கடையில் 1850-களின் பொட்டணி வியாபாரிக்கு உடுப்புத் தைக்க முடியுமா?

கொழும்பு புறக்கோட்டையில் கெய்சர் வீதியிலிருந்து இரண்டாம் குறுக்குத் தெருப் பக்கம் திரும்பினால் தையல் சாமான் கடைகள் தோளோடு தோள் உரசி நிற்கும். நூல், சிப், லேஸ், இலாஸ்டிக், கொக்கி, பட்டன். இங்கே மதிப்பிடுவது அவற்றில் நடுத்தரமான ஒரு கடையை. பெயர் போடவில்லை. அக்கம்பக்கத்துக் கடைகளிலும் ஏறக்குறைய இதே சரக்கு, இதே வழக்கம் என்பதால் சொல்வதெல்லாம் மற்றவற்றுக்கும் பொருந்தும்.

அளவுகோல் கொஞ்சம் வித்தியாசமானது. சேட்டுக்கு நாலு பட்டன் வாங்குவதற்கு விமர்சனம் தேவையில்லை, எந்தக் கடையிலும் கிடைக்கும். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஊர் ஊராய்ச் சுமந்து விற்ற யூத வியாபாரி ஒருவரையும், அதே காலத்து உள்நாட்டுப் போர்ச் சிப்பாய் ஒருவரையும் மேடையேற்ற வேண்டும் என்று வையுங்கள். அதற்குரிய பட்டன்களை இந்தக் கடை தருமா? பிளாஸ்டிக் புழங்காத காலத்து உடுப்பு அது. கடையில் இருப்பதில் பெரும்பகுதி பிளாஸ்டிக். போலி எவ்வளவு தூரம் தாங்கும் என்பது இந்த மாதிரி வேலையில்தான் தெரியவரும்.

முதலில் பெயர்க் குழப்பம். யாழ்ப்பாணத்தாருக்குத் தெறி, பாடப்புத்தகத்துக்குப் பொத்தான், கடையில் பட்டன் என்றால்தான் வேலை நடக்கும். ஐரோப்பிய யூதர் பேசிய யித்திஷ் மொழியில் அது 'க்னெப்பல்'. மத்திய ஐரோப்பாவின் பவேரியா, பொஹீமியா, போசன் பக்கங்களிலிருந்து 1820-களுக்குப் பிறகு அமெரிக்கா போன யூத இளைஞர்களில் ஏராளமானோர் தொடங்கிய தொழில், எங்கள் ஊரில் பொட்டணி வியாபாரம் என்று சொல்வோமே, அதுதான். ஊசி, நூல், நாடா, சீப்பு, தெறி. எடை குறைவு, அழுகாது, எந்த வீட்டிலும் தேவை. மொழி தெரியாவிட்டாலும் அட்டையைத் திறந்து காட்டினால் போதும்.

யூத மதகுரு ரபி ஐசக் மேயர் வைஸ் இந்த வியாபாரிகளைப் படி படியாகப் பிரித்துக் கிண்டலாக எழுதியிருக்கிறார். கூடைக்காரன் பேச்சே வராதவன். பெட்டிக்காரன் திக்கித் திணறி ஆங்கிலம் பேசுவான். மூட்டைக்காரன் 100 முதல் 150 இறாத்தல் வரை முதுகில் சுமந்தபடி ஒருநாள் முதலாளியாவேன் என்று கனவு காண்பான். அதற்கு மேல் குதிரைவண்டிப் பிரபு, நகைப்பெட்டிக் கோமான், கடை வைத்த இளவரசன். புறக்கோட்டை நடைபாதையில் தட்டு வைத்திருப்பவரிலிருந்து உள்ளே குளிரூட்டிக்குக் கீழே இருக்கும் முதலாளி வரை ஒருமுறை பார்த்துவிட்டு இந்தப் பட்டியலைப் படித்தால் சிரிப்பு வரும்.

கடைக்கு வருவோம். சுவர் முழுக்க, கூரை வரை, அட்டைப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் உள்ளிருக்கும் சரக்கில் ஒன்று கம்பியால் குத்தியிருக்கும். இந்த முறைக்கு முழுப் புள்ளி கொடுக்கலாம்: கேட்டவுடன் கண்ணாலேயே தேடலாம், ஏணியும் உண்டு. குறை என்னவென்றால், முகப்புத் தெறி பல வருடம் வெளிச்சத்தில் மங்கியிருக்கும். உள்ளே இருப்பது வேறு நிறம். பெட்டியைத் திறந்து கையில் வைத்துப் பார்க்காமல் பில் போடவிடாதீர்கள்.

"நானா, 24 லைன்ல கொம்பு மாதிரி இருக்கா?"

"எத்தன குறோஸ்?"

இந்தப் பதில் கேள்விக்கு மிரள வேண்டாம். குறோஸ் என்றால் 144, 12 டசின். மொத்தக்கடையின் கணக்கு அது. டசினாகவும் தருவார்கள், விலைதான் ஏறும். 19-ஆம் நூற்றாண்டுப் பொட்டணிக்காரரின் பிழைப்பே இந்தப் பிளவில்தான் இருந்தது. நியூயோர்க்கிலோ பால்ட்டிமோரிலோ சின்சினாட்டியிலோ மொத்தக்கடையில் குறோஸ் கணக்கில் எடுத்து, பண்ணைவீட்டு வாசலில் டசினாகவும் அதற்கும் கீழே உதிரியாகவும் பிரிப்பார். மொத்தக்காரர் பெரும்பாலும் சொந்தக்காரர், அல்லது ஒரே ஊரார். சரக்கு கடனுக்கு, சுற்றிவந்த பிறகு காசு. பவேரியாவின் பையர்ஸ்டோர்ஃபில் பிறந்து 1837-இல் கப்பலேறிய ஜோசப் செலிக்மன் பென்சில்வேனியாவில் மூட்டை தூக்கியபோது போட்ட கணக்கு இது: பண்ணைக்காரன் சாமான் வாங்க நகரத்துக்கு வந்தால் ஒருநாள் வேலை கெடும், வீட்டுக்கே கொண்டுபோனால் அந்த ஒருநாளின் மதிப்பில் ஒரு பங்கைத் தெறியின் விலையில் சேர்க்கலாம். இந்தக் கடையிலும் மலையகத்துக்கும் கிழக்குக்கும் சரக்கு எடுப்பவர்களுக்குக் கடனும் பிந்திய திகதியிட்ட காசோலையும் உண்டு. உங்களுக்கும் எனக்கும் கைக்காசு.

அளவு. தெறியின் குறுக்களவை 'லைன்' என்று கேட்க வேண்டும். 40 லைன் ஓர் அங்குலம், அதாவது ஒரு லைன் 0.635 மி.மீ. 18 லைன் 11.4 மி.மீ., சேட்டின் முன்பக்கம். 24 லைன் 15.2 மி.மீ., களிசான், வெஸ்ட், கோட்டுக் கைமுனை. 32 லைன் 20.3 மி.மீ., கோட்டின் முன்பக்கம். 40 லைன் மழைக்கோட்டுக்கு. "அரை அங்குலம்" என்று கேட்டால் கடைப் பையன் 18-ஐயும் தருவான், 20-ஐயும் தருவான். அந்த 1.3 மி.மீ. வித்தியாசத்தில் ஏற்கனவே வெட்டிய துளை இறுகும் அல்லது நழுவும். துளை நீளத்துக்குக் கணக்கு: தெறியின் குறுக்களவு, அதோடு தெறியின் தடிப்பு, அதன்மேல் துணியின் தடிப்பைப் பொறுத்து 1 அல்லது 2 மி.மீ. ஆகவே தெறியை வாங்கிவந்த பிறகே துளை வெட்டுங்கள்.

பொட்டணி வியாபாரிக்கு எத்தனை தேவை? சேட்டுக்கு முன்னால் 4, கைமுனை 2. அந்தக் காலத்துச் சேட் தலைவழி போடுவது, முன்பக்கம் நெஞ்சுவரைதான் திறப்பு. இன்றைய சேட்போல் 7 வைத்தால் காலம் பிழைத்துவிடும். வெஸ்ட்டுக்கு 6. களிசானில் பெல்ட் வளையம் கிடையாது, தோள்பட்டி மாட்ட இடுப்பில் 6 தெறி, முன்திறப்புக்கு 5. கோட்டுக்கு முன்னால் 4, கைக்கு இரண்டிரண்டாய் 4. மொத்தம் 31. வாங்கவேண்டியது: வெள்ளை 18 லைன் ஒரு டசின், கொம்பு நிறம் 24 லைன் ஒரு டசின் (வெஸ்ட்டும் கோட்டுக் கையும்), அதே கொம்பு 32 லைன் அரை டசின், களிசானுக்கு மங்கல் கறுப்பு உலோகம் அல்லது எலும்பு நிறம் 24 லைன் ஒரு டசின். அரை டசின் என்றதும் முகம் சுளிப்பார்கள். மற்றதோடு சேர்த்துக் கேட்டால் தந்துவிடுவார்கள்.

இன்னொரு பிழை பலரும் செய்வது: யூதர் என்றவுடன் நீளக் கறுப்பு அங்கி, காதோரச் சுருள்முடி. 1850-களில் இந்தியானாவிலோ அலபாமாவிலோ மூட்டை தூக்கிய பவேரிய யூதர் அக்கம்பக்கத்து ஜெர்மன்காரர் உடுத்திய அதே பழுப்புக் கோட்டையே உடுத்தினார். வேறுபாடு தேட வேண்டுமானால் நூலில் தேடலாம். கம்பளியும் லினனும் ஒரே உடுப்பில் கலப்பதை யூதச் சட்டம் தடுக்கிறது. 'ஷாட்னெஸ்' என்பார்கள். கம்பளிக் கோட்டில் தெறியை லினன் நூலால் தைத்தாலும் அது மீறல்தான். கட்டுப்பாடான வீட்டுத் தையற்காரர் பருத்தியோ பட்டோ எடுப்பார். மேடையில் யாருக்கும் தெரியாது, ஆனால் இந்தக் கடையில் மெழுகிட்ட தடித்த பருத்தி நூல் நல்லதாகக் கிடைக்கிறது, அதையே வாங்கலாம்.

இப்போது சரக்கின் தரம்.

கொம்பு மாதிரி பொலியஸ்டர் தெறிதான் இந்தக் கடையின் சிறப்பு. ஆடைத் தொழிற்சாலைகளின் மிச்சச் சரக்கும் புறக்கோட்டைக்கு வந்து சேர்வதால் ஏற்றுமதித் தரம் மலிவாகக் கிடைக்கும். நல்லதில் கீற்று உள்ளே ஓடும், விளிம்பைப் பார்த்தால் அதே கீற்று தொடரும். மட்டமானதில் கீற்று மேல்முகத்தில் மட்டும் அச்சடித்திருக்கும், நகத்தால் சுரண்டினால் போகும். மிச்சச் சரக்கின் ஆபத்து: அதே சாயக் கூட்டு மறுமுறை வராது. 10-இல் ஒன்று என்ற கணக்கில் உபரி இப்போதே வாங்கிவையுங்கள்.

அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் கொம்புக்கு மாற்றாக வந்தது தாகுவாக் கொட்டை, தென்னமெரிக்கப் பனை வகையொன்றின் விதை. காய்ந்தால் தந்தம்போல் இறுகும். நியூயோர்க் மாநிலத்து ரொச்செஸ்டர் நகரம் அந்தத் தெறிக்குப் பெயர்போனது. அங்கே ஆண்கள் ஆடைத் தொழிலைக் கட்டியெழுப்பியவர்களில் ஜெர்மன் யூதக் குடும்பங்கள் முக்கியமானவை, கோட்டும் தெறியும் ஒரே ஊரில் சேர்ந்து வளர்ந்தன. தாகுவாவில் சாயம் ஆழமாக இறங்காது, விளிம்பு உடைந்தால் உள்ளே பால்வெள்ளை தெரியும். இந்தக் கடையில் இல்லை. யாராவது "தாகுவா" என்று தந்தால் சூடான ஊசியை முதுகில் வையுங்கள்: தாகுவா இளகாது, மரம் கருகுவதுபோல் மணக்கும். அக்ரிலிக் இளகும், உண்மைக் கொம்பு முடி கருகும் நாற்றம் தரும்.

சிப்பித் தெறியில்தான் கவனம் வேண்டும். "ஒரிஜினல் சிப்பி" என்று எழுதிய பெட்டியில் உண்மையும் போலியும் கலந்திருப்பது உண்டு. உண்மைச் சிப்பி உதட்டில் வைத்தால் சில்லென்றிருக்கும். கண்ணாடி மேசையில் போட்டால் கணீரென்று ஒலிக்கும், பிளாஸ்டிக் 'டக்' என்று அடங்கும். திருப்பிப் பார்த்தால் சில தெறிகளின் முதுகில் சிப்பியின் வெளித்தோல் பழுப்பாகவோ சாம்பலாகவோ ஒட்டியிருக்கும். அதை அழுக்கு என்று ஒதுக்குபவர்கள் நல்லதைத் தள்ளிவிட்டு போலியைப் பொறுக்குகிறார்கள். எல்லா முதுகும் ஒரே அச்சில் வழவழவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

எண்ணும் முறையும் இங்கேதான் சறுக்குகிறது. மேசையில் டிஜிட்டல் தராசு: 10 தெறியை வைத்து ஒன்றின் எடையைப் பதிந்துவிட்டு அள்ளிக் கொட்டினால் எண்ணிக்கை திரையில் வரும். அச்சில் வார்த்த பொலியஸ்டருக்கு இது சரி. சிப்பி ஒன்றுபோல் ஒன்று தடிக்காது, தராசு 144 என்று சொல்லும் இடத்தில் ஐந்தாறு கூடவோ குறையவோ இருக்கும். சிப்பியைக் கையால் எண்ணச் சொல்லுங்கள். சொன்னால் செய்கிறார்கள்.

எங்கள் மன்னார் முத்துச்சிப்பி இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது சிறியது, ஓடும் மெல்லியது. தடித்த தெறி வெட்ட அவுஸ்திரேலியக் கடல்களின் பெரிய சிப்பியோ திருகுசங்கு வகையோ வேண்டும். அமெரிக்காவுக்கும் 1890 வரை சிப்பித் தெறி பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்தே போனது. வியன்னா, பர்மிங்காம் சரக்கை நியூயோர்க்கில் இறக்கியவர்களில் யூத வணிகக் குடும்பங்கள் பல. 1890-இன் மெக்கின்லி சுங்கவரி இறக்குமதித் தெறியின் விலையைத் தூக்கியது. அந்த இடைவெளியில் புகுந்தவர் ஜோன் போப்பிள் என்ற ஜெர்மன் தெறித் தொழிலாளி. 1891-இல் அயோவாவின் மஸ்கட்டீனில் மிசிசிப்பி ஆற்று மட்டியில் தெறி வெட்டத் தொடங்கினார். ஓட்டை ஊறவைத்து, குழாய் வாளால் வட்டம் வட்டமாய் அறுத்து, தடிப்பைச் சமன்செய்து, துளையிட்டு, மெருகேற்றுவார்கள். 1905-இல் அந்த ஒரு நகரம் 150 கோடி தெறி செய்தது. ஆகவே உங்கள் நாடகம் 1890-க்கு முந்தியது என்றால் சேட்டுக்கு ஆற்றுச் சிப்பியைவிட வெள்ளைப் பீங்கான் தெறிதான் பொருத்தம். ரிச்சர்ட் புரோசர் 1840-இல் காப்புரிமை பெற்ற முறையில் தூளை அழுத்திச் சுட்டது அது. கடையில் பீங்கான் இல்லை. நடுவில் கிண்ணம்போல் குழிந்த, 4 துளை, பளபளப்பு வெள்ளை 18 லைன் பொலியஸ்டர் இரண்டு அடி தள்ளி நின்றால் அப்படியே பீங்கான்தான். சிப்பியையே வைத்தால் வினாகிரியும் குளோரினும் கிட்ட வரக்கூடாது, சுண்ணாம்புப் பொருள் அரித்து முகம் மங்கிவிடும்.

பித்தளையில் இந்தக் கடைக்குப் பாதிப் புள்ளிதான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் தளர்ந்த கோட்டுக்கு முன்னால் கழுகுச் சின்னம் பொறித்த தெறி 4, இடுப்பொட்டிய நீளக் கோட்டுக்கு 9. கனெக்டிகட் மாநிலத்து வோட்டர்பரி ஆலைகள் இவற்றை அடித்துத் தள்ளின. இராணுவ உடுப்புக் குத்தகை எடுத்தவர்களில் செலிக்மன் சகோதரர்களும் உண்டு. இலட்சக்கணக்கான உடுப்பு ஒரேயடியாகத் தேவைப்பட்டதில்தான் அளவு எண் போட்ட ஆயத்த ஆடைத் தொழில் வேகம் பிடித்தது. இந்தக் கடையில் கழுகு எப்போதாவது வரும். நங்கூரம், கிரீடம், சிங்கம் தாராளம். மூன்றாம் வரிசையிலிருந்து பார்ப்பவருக்குக் கழுகும் கிரீடமும் ஒன்றுதான். இலங்கைப் படை, பொலிஸ் சின்னம் பொறித்ததைக் கேட்டு வீண் தொல்லையை வாங்காதீர்கள்.

காந்தம் ஒன்று கொண்டுபோங்கள். 'பித்தளை' ஒட்டிக்கொண்டால் உள்ளே இரும்பு. கொழும்புக் கடற்காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது, துரு துணியில் இறங்கினால் போகாது. ஒட்டாவிட்டால் பித்தளை என்றும் முடிவுகட்ட முடியாது. நாகக் கலவையாக இருக்கலாம், முலாமிட்ட பிளாஸ்டிக்காகவும் இருக்கலாம். பிளாஸ்டிக் கையில் எடுத்தவுடன் இலேசாகத் தெரியும். பழசாக்க நகப்பூச்சு நீக்கியால் மேல் வார்னிஷைத் துடைப்பார்கள். முலாமிட்ட பிளாஸ்டிக்கில் அசிட்டோன் பட்டால் தெறியே கூழாகும். முதலில் ஒன்றில், அதுவும் முதுகில், சோதியுங்கள்.

ஜீன்ஸ் தெறி பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அதில் கடை பிரமாதம். ரீகாவிலிருந்து போய் நெவாடாவின் ரீனோவில் தையல் செய்த ஜேக்கப் டேவிஸ், களிசான் கிழியும் இடங்களில் செம்பு ஆணி அடித்தார். துணி வாங்கிய மொத்தக்கடை முதலாளி லெவி ஸ்ட்ராஸோடு சேர்ந்து 1873 மே 20-இல் காப்புரிமை பெற்றார், எண் 139,121. இருவரும் யூதர், ஸ்ட்ராஸ் பவேரியாவின் புட்டன்ஹைம் ஊர்க்காரர். அந்தக் களிசானுக்கும் தோள்பட்டித் தெறிதான், பெல்ட் வளையம் 1922-இல்தான் வந்தது. கடையில் 17 மி.மீ., 20 மி.மீ. அடிக்கும் தெறியும் ஆணியும் நிறைய உண்டு, கேட்டால் அச்சுக்கட்டையும் தருவார்கள். மெல்லிய துணியில் அடித்தால் ஆணி பிடிக்க இடமில்லாமல் இரண்டாம் நாள் கழன்றுவிடும். பின்னால் தடித்த துணித்துண்டு ஒன்று வைத்து நாலு மடிப்பாக்கி அடியுங்கள்.

துளைத் தெறியைக் கம்பளிக் கோட்டில் தைக்கும்போது தெறிக்கு மேல் தீக்குச்சி ஒன்றைக் குறுக்கே வைத்து அதன்மேலாக ஆறு முறை ஊசி போடுங்கள். குச்சியை உருவி, தெறியை மேலே இழுத்து, துணிக்கும் தெறிக்கும் நடுவில் நூலை நாலு சுற்றுச் சுற்றி முடியுங்கள். இந்தக் கழுத்து இல்லாமல் தைத்தால் பூட்டும்போது கோட்டு இழுபட்டுச் சுருங்கும், நாலாம் காட்சியில் தெறி மேடையில் உருளும்.

சேவை பற்றி: பையன்களுக்குச் சரக்குத் தெரியும், பொறுமை காலையில் மட்டும். 11 மணிக்கு மேல் சுமைதூக்கும் நாட்டாமிகளின் வண்டியும் மொத்தக்காரரின் பட்டியலும் வந்துவிட்டால் டசின்காரரை யாரும் பார்ப்பதில்லை. வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆவுக்குச் சாத்திவிட்டு இரண்டு மணியளவில் திறப்பார்கள். ஞாயிறும் முழுநிலாப் போயா நாளும் பூட்டு. (அந்தப் பொட்டணிக்காரர் வெள்ளி மாலைக்குள் மூட்டையை இறக்கிவிட வேண்டும், சனி அவருக்கு ஓய்வுநாள். பல மாநிலங்களில் ஞாயிறு வியாபாரம் சட்டப்படி தடை. வாரத்தில் இரண்டு நாள் போய்விடும்.) அட்டையிலிருந்து வெட்டிய தெறியைத் திரும்ப எடுப்பதில்லை, மாற்றித் தருவதுமில்லை. விலை டொலரோடு ஏறி இறங்குவதால் இங்கே எழுதவில்லை. பில் கேளுங்கள், கேட்டால்தான் வரும், அதில் லைன் எண்ணையும் பெட்டி எண்ணையும் எழுதச் சொன்னால் அடுத்தமுறை ஏணி ஏறாமலே எடுத்துத் தருவார்கள்.